நூறு முட்டைக் கணக்கு

நம்ம ஊர் சுரங்கத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கிற தண்ணீரை ராத்திரி பகலாய் பம்பு போட்டு எடுக்கிறார்கள். ஊறுவதைவிட எடுப்பது அதிகமானால் மட்டம் இறங்கும். விலங்குகளின் எண்ணிக்கையும் ஏறக்குறைய இப்படித்தான். ஊறுவது பிறப்பு, எடுப்பது இறப்பு.

ஆனால் கடல் ஆமையிடம் இந்தக் கணக்கு கொஞ்சம் விளையாட்டு காட்டுகிறது!

நம் கடலூர் கரைக்குத் தை பிறந்ததும் முட்டையிட ஆமைகள் வரும். பங்குனி ஆமை என்று பெயர். ஒரு தடவைக்குச் சுமார் 100 முட்டை. "இவ்வளவு போட்டும் ஏன் மாமா கொறையுது?" என்று துறைமுகத்தில் விசைப்படகு வைத்திருக்கும் என் மாமாவிடம் கேட்டேன். "முட்டைய ஏன் மாப்ள எண்ற? செத்து ஒதுங்கறத எண்ணு" என்றார்.

எண்ணிப் பார்ப்போம். ஓர் ஆமை தன் ஆயுளில் 20 தடவை முட்டையிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 2,000 முட்டை. நாய், நண்டு, காக்கா, மீன் எல்லாம் தின்றது போக, ஆயிரத்துக்கு ஒன்று தேறினால் 2 மிஞ்சும். தாய்க்கு ஒன்று, தகப்பனுக்கு ஒன்று. இனம் அப்படியே நிற்கும். அதே தாய் இரண்டே தடவை முட்டையிட்டு வலையில் செத்தால்? 200 முட்டையில் ஒன்றுகூடத் தேறாது. குஞ்சு பெரிதாகி முட்டையிட பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். ஆக, ஒரு பெரிய ஆமையின் சாவு ஆயிரம் முட்டை உடைவதைவிடப் பெரிய நஷ்டம்.

மெக்சிகோவில் இது நடந்தே இருக்கிறது. பங்குனி ஆமைக்குச் சொந்தக்கார இனம் ஒன்று அங்கே உண்டு. 1947-இல் ஒரே நாளில் சுமார் 40,000 ஆமைகள் கரையேறின. பிறகு முட்டைத் திருட்டு. 1966 முதல் காவல் போட்டார்கள். அப்படியும் 1985-இல் வருஷம் முழுக்க 700 கூடுதான்! கடலில் இறால் வலைகள் பெரிய ஆமைகளை மூழ்கடித்துக்கொண்டே இருந்தன. முட்டைக் காவலோடு வலையிலும் மாற்றம் வந்த பிறகுதான் எண்ணிக்கை ஏறியது.

நம் பக்கமும் முட்டைக்குக் காவல் உண்டு. வனத்துறை பொரிப்பகம் வைத்திருக்கிறது. சென்னையில் 1988 முதல் மாணவர்களே ராத்திரியில் கரையோரம் நடந்து முட்டை சேகரிக்கிறார்கள். நம்மைப் போன்ற பசங்கதான். சபாஷ்! ஆனாலும் 2025 ஜனவரியில் தமிழகக் கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். வலைக்குள் மணிக்கணக்கில் இழுபட்டால் எப்படி வரும்?

இதற்குக் கருவி இருக்கிறது. நம் மெக்கானிக்கல் பசங்க அரை நாளில் புரிந்துகொள்வார்கள். வலையின் கழுத்தில் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம். மீன் இடுக்கில் நுழைந்து மடிக்குப் போய்விடும். ஆமை கம்பியில் மோதி, சரிந்து, பக்கத்துத் திறப்பு வழியே வெளியேறும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வள தொழில்நுட்ப நிறுவனம் நம் கடலுக்கு ஏற்றபடியே இதைச் செய்திருக்கிறது.

மாமாவிடம் படம் போட்டுக் காட்டினேன். "மீனும் அந்த ஓட்டை வழியா போயிடுமேடா? டீசல் காசு யாரு குடுப்பா?" என்றார். நியாயமான கேள்வி. கடன் அவர் தலையில்தானே!

"ஒரே ஒரு வலைல போட்டு, போற மீன எடை போட்டுப் பாப்போம் மாமா" என்றேன்.

கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தவர், "வெல்டிங் கூலி எவ்ளோ ஆகும்?" என்றார்.