நாடி பிடித்த கை

மடுகரையில் அரசியல் பேசாத திண்ணை கிடையாது. புதுச்சேரியின் முதலமைச்சர்களாக இருந்த வெங்கடசுப்பா ரெட்டியாருக்கும் அவர் மகன் வைத்திலிங்கத்துக்கும் இதுதான் ஊர். இங்கே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த என் தாய்மாமா, 38 ஆண்டுகளுக்குப் பிறகு 2006இல் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது வேட்பாளராக நின்றார், தோற்றார். மறுவாரம் முதல் மேலத்தெருக்காரர்கள் காய்ச்சலுக்குக்கூட அவர் படியேறவில்லை. "நாடி பிடிக்கிற கைக்குக் கட்சி ஆகாதுடா" என்பார்.

நானும் அதை நெடுங்காலம் நம்பினேன். மருத்துவர் தி.சே.சௌ. ராஜனின் தன்வரலாறான 'நினைவு அலைகள்' அந்த நம்பிக்கையை அசைத்தது.

1880இல் பிறந்த ஸ்ரீரங்கத்துக்காரர் ராஜன். மேல்படிப்புக்காக லண்டன் சென்று, இந்தியா ஹவுஸில் வ.வே.சு. ஐயருடனும் சாவர்க்கருடனும் பழகினார். ஐயர் 1910இல் தலைமறைவாக நம் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். ராஜனோ படிப்பை முடித்துத் திரும்பி, திருச்சிப் பக்கம் மருத்துவம் பார்த்தார். ஆனால் அரசியல் அவரை விடவில்லை. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் உப்பெடுக்க வேதாரண்யத்துக்குப் புறப்பட்டது ராஜனின் திருச்சி வீட்டிலிருந்துதான். பிறகு அவரும் சிறை சென்றார். அந்த நாட்களில் அவருடைய நோயாளிகள் எங்கே போயிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். என் மாமாவைக் குடைந்த கேள்வியும் இதுவே.

1937இல் ராஜாஜி அமைச்சரவையில் ராஜன் ஏற்ற பொறுப்புகளில் ஒன்று பொதுச் சுகாதாரம். அதே அமைச்சரவைதான் 1939இல் ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டப் பாதுகாப்பும் தந்தது. காலரா ஒருவன் வயிற்றில் இருந்தால் மருந்து போதும். ஊர்க் கிணற்றில் இருந்தால் எத்தனை பேருக்குத்தான் மருந்து கொடுப்பது? யாருடைய கிணற்றை எப்போது சுத்தம் செய்வது என்று தீர்மானிக்கும் இடத்தில் வைத்தியர் ஒருவர் போய் உட்காரத்தான் வேண்டியிருக்கிறது.

மாமா இன்று இல்லை. அவருடைய மருந்துப் பெட்டியின் அடியில் அந்தத் தேர்தல் நோட்டீஸ் ஒன்று மடித்துக் கிடந்தது. முதல் வாக்குறுதி, காலனிக்கு முதலில் குடிநீர்த் தொட்டி. மேலத்தெரு ஏன் படியேறவில்லை என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. கட்சியென்று மாமா சொன்னது அதைத்தான் போலும்.