பழைய சிவகாசி நாடாளுமன்றத் தொகுதியின் வாக்காளர்களுக்கு

அன்புள்ள பெரியப்பாமார், பெரியம்மாமார், அண்ணாச்சிமார், மதினிமார் எல்லாருக்கும்,

வெம்பக்கோட்டைப் பக்கம் அச்சங்குளத்திலிருந்து எழுதுகிறேன். 1967 முதல் 2004 வரை பதினொரு மக்களவைத் தேர்தல்களில் ‘சிவகாசி’ என்ற பெயரில் ஓட்டுப் போட்டவர்கள் நீங்கள். தொகுதி மறுசீரமைப்பில் 2008-ல் அந்தப் பெயர் மக்களவைப் பட்டியலிலிருந்து போய்விட்டது. என் முதல் மக்களவை ஓட்டே 2009-ல், விருதுநகர் தொகுதியில். உங்கள் தொகுதியில் ஒரு தடவைகூட ஓட்டுப் போடக் கொடுத்துவைக்காத நான் உங்களுக்கு நன்றி சொல்ல வந்திருக்கிறேன்.

பதினொரு தேர்தலில் எட்டுப் பேரை டெல்லிக்கு அனுப்பினீர்கள். சுதந்திராக் கட்சி, காங்கிரஸ், அ.தி.மு.க., இந்தியக் கம்யூனிஸ்ட், ம.தி.மு.க. என்று ஐந்து கட்சிகள். ‘இது எங்க கோட்டை’ என்று யாரும் நிரந்தரமாகப் பட்டா போட்டுக்கொள்ள நீங்கள் விடவில்லை. என் நன்றியின் முதல் காரணம் அதுதான்.

1967-ல் ஒரே நாளில் இரண்டு சீட்டு வாங்கினீர்கள், சட்டமன்றத்துக்கு ஒன்று, மக்களவைக்கு ஒன்று. மக்களவைக்கு ராஜாஜியின் சுதந்திராக் கட்சியைச் சேர்ந்த பி. ராமமூர்த்தியை அனுப்பினீர்கள். அதே தேர்தலில்தான் விருதுநகர் சட்டமன்றத் தொகுதியில் காமராஜர் 1,285 ஓட்டில் தோற்றார். வென்றவர் மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசன். பள்ளிக்கூடமும் மதியச் சோறும் கொடுத்த மனிதரை, சாத்தூரில் 1957-லும் 1962-லும் ஜெயிக்கவைத்த மண்ணே கைவிட்டதே என்று எங்கள் பக்கம் இன்றும் ஆற்றாமையோடு பேசுவார்கள். எனக்கும் அந்த ஆற்றாமை உண்டு. ஆனால் முதலமைச்சராக இருந்தவருக்கும் கல்லூரியிலிருந்து வந்தவருக்கும் ஒரே மாதிரி எண்ணிப் பார்த்த பெட்டி அது. அந்தச் சமநிலையை எங்களுக்குச் சொத்தாக விட்டுப் போனீர்கள்.

அடுத்த இரண்டு தடவை, 1971-லும் 1977-லும், வி. ஜெயலட்சுமியைத் தேர்ந்தெடுத்தீர்கள். 1977 மக்களவையில் நாடு முழுக்கச் சேர்த்தே 19 பெண்கள்தான் இருந்தார்கள். அந்தப் பத்தொன்பதில் ஒருவர் நம் தொகுதிக்காரர். பட்டாசுக் கம்பெனியிலும் தீப்பெட்டி ஆபீசிலும் வேலைசெய்யும் கைகளில் பெரும்பகுதி பெண்களுடையவை என்பதை நினைக்கும்போது, அந்த இரண்டு தேர்தலையும் நான் கூடுதல் மதிப்போடு பார்க்கிறேன்.

1980-ஐப் பற்றித்தான் நிறையச் சொல்ல ஆசை. ஜனவரி மாதத் தேர்தல். தி.மு.க.வும் இந்திரா காங்கிரசும் சேர்ந்து நின்றன. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 37 அந்தக் கூட்டணிக்கே போயின. மிச்சம் இரண்டு. ஒன்று கோபிச்செட்டிபாளையம், இன்னொன்று சிவகாசி. இங்கே அ.தி.மு.க.வின் என். சௌந்தரராஜன் ஜெயித்தார். பக்கத்து அருப்புக்கோட்டையின் சட்டமன்ற உறுப்பினராக எம்.ஜி.ஆர். இருந்த காலம் அது. சொந்த ஊர் ஆளைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தீர்கள். அடுத்த மாதமே அவர் ஆட்சியை மத்திய அரசு கலைத்தது. மே மாதம் சட்டமன்றத் தேர்தலில் அவர் திரும்பி வந்தார். தமிழ்நாடு மே மாதம் சொன்னதை நீங்கள் ஜனவரியிலேயே சொல்லியிருந்தீர்கள். அந்தக் கட்சியை ஆதரிக்கிறேனா இல்லையா என்பது வேறு விஷயம். ஊர் முழுக்க ஒரு பக்கம் ஓடும்போது, தனக்குச் சரியென்று பட்டதில் முத்திரை குத்திவிட்டு நிதானமாக வீட்டுக்குப் போகத் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலுக்கு என் வணக்கம்.

1989 தேர்தலில் கா. காளிமுத்து ஜெயித்தார். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் மாணவர் தலைவர்களில் ஒருவர், தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவர், பின்னாளில் சட்டமன்றப் பேரவைத் தலைவர். ஆனால் அந்த வருஷத்தை நான் நினைப்பது வேறொரு காரணத்துக்காக. அந்த ஆண்டுதான் அரசியல் சட்டத்தின் 61-வது திருத்தம் ஓட்டுரிமை வயதை 21-லிருந்து 18-ஆகக் குறைத்தது. பதினெட்டு வயதில் முதல்முறையாக ஓட்டுப் போட்ட நம் பக்கத்து அக்காமார் பலருக்கு, அப்போதே பல வருஷ வேலை அனுபவம் இருந்தது. பாவாடை கட்டிய வயதில் தீப்பெட்டி ஒட்டப் போனவர்கள். விடியுமுன்னே ஊருக்குள் வரும் கம்பெனி வண்டியில் தூங்கிக்கொண்டே ஏறியவர்கள். நாட்டுக்காக உழைக்க ஆரம்பித்து வெகுகாலம் கழித்துத்தான் உங்களுக்கு அந்த நாட்டில் ஓட்டு கிடைத்தது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அப்போது நம் உறுப்பினர் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் வி. அழகிரிசாமி. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகளில் நானும் ஒருவன். நான் பள்ளிக்கூடம் போனதற்கு வழக்கும் சட்டமும் காரணம் என்றால், ‘நம்ம பிள்ளை போக வேண்டாம்’ என்று வீட்டில் முடிவெடுத்த நீங்களும் காரணம்.

1998-லும் 1999-லும் ம.தி.மு.க.வின் வைகோவை அனுப்பினீர்கள். 1996-ல் அவரைத் தோற்கடித்ததும் நீங்கள்தான். 2002 ஜூலையில் அவர் பொடா சட்டத்தில் கைதாகி 19 மாதம் வேலூர்ச் சிறையில் இருந்தார். ஒரு தொகுதியின் உறுப்பினர் கம்பிக்குப் பின்னால் இருந்தபோது, குடிதண்ணீருக்கும் ரயிலுக்கும் மனு எழுத வேண்டிய நீங்கள் பொறுமையாகக் காத்திருந்தீர்கள். 2004-ல் அவர் நிற்கவில்லை. அவர் கட்சியின் அ. ரவிச்சந்திரனை ஜெயிக்கவைத்தீர்கள். அதுவே கடைசி சிவகாசி உறுப்பினர். அந்த ஆண்டு செப்டம்பரில் பொடா சட்டமும் நீக்கப்பட்டது.

2008 மறுசீரமைப்பில் கோவில்பட்டியும் விளாத்திகுளமும் தூத்துக்குடி தொகுதியோடு போயின. திருமங்கலமும் திருப்பரங்குன்றமும் நம்மோடு வந்து சேர்ந்தன. கரிசல் காட்டுத் தீப்பெட்டித் தொழில் இரண்டு உறுப்பினர்களுக்குப் பங்கு பிரிந்தது எனக்கு இன்றும் சம்மதமில்லை. ஒரே தொழிலின் வரியும் கூலியும் விபத்தும் ஒரே குரலில் பேசப்பட வேண்டியவை.

2009-ல் நான் முதல்முறை வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் எங்கள் தெருப் பெரியம்மா ஒருவர் நின்றார். பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்துகிறவர். எத்தனை தடவை கழுவினாலும் அலுமினியப் பவுடர் நகக்கண்ணை விட்டுப் போகாது. விரலெல்லாம் வெள்ளி பூசின மாதிரி இருக்கும். மை வைக்கும் அலுவலர் இடது கை ஆள்காட்டி விரலைப் பிடித்துத் துணியால் துடைத்தார், போகவில்லை. மறுபடி துடைத்தார். “அது கெடக்கட்டும் சார், அதுமேலேயே வைங்க” என்றார் பெரியம்மா. வெள்ளி நிறத்தின் மேல் கருநீலக் கோடு விழுந்தது. தேர்தல் நாளுக்குக் கூலியோடு விடுமுறை விட வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது, தினக்கூலிக்காரருக்கும் சேர்த்து. உருப்படிக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு அன்றைய உருப்படி போனது போனதுதான். அதைக் கணக்குப் பார்க்காமல்தான் அவர் வந்திருந்தார்.

2021 பிப்ரவரி 12-ல் எங்கள் அச்சங்குளம் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஏப்ரல் 6-ல் சட்டமன்றத் தேர்தல். துக்கத்துக்கு இன்னும் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம் உரிமம், உள்குத்தகை, ஆய்வு, நிவாரணம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும் பழக்கம் எங்களுக்கு உங்களிடமிருந்து வந்தது. கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

1967-ல் முதல் ஓட்டுப் போட்டவர்களுக்கு இப்போது எண்பதை ஒட்டியோ தாண்டியோ வயதிருக்கும். 2024 தேர்தலில், 85 வயது கடந்தவர்கள் 12டி படிவம் கொடுத்தால் அலுவலர்களே வீட்டுக்கு வந்து ஓட்டு வாங்கிப் போனார்கள். அடுத்த தேர்தலில் உங்களுக்கு நடக்க முடியவில்லை என்றால் ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள். படிவம் வாங்கி வந்து பூர்த்திசெய்து தருவதற்கு நாங்கள் இருக்கிறோம். எந்தச் சின்னம் என்று கேட்க மாட்டோம். ஆனால் அந்த 1967, அந்த 1980 தேர்தல்களில் எந்தப் பள்ளிக்கூடத்தில், யாரோடு நடந்துபோய் ஓட்டுப் போட்டீர்கள் என்று மட்டும் உட்காரவைத்துச் சொல்லுங்கள். நாங்கள் எழுதி வைத்துக்கொள்கிறோம்.


அச்சங்குளத்திலிருந்து உங்கள் பிள்ளை