முதல் சம்பளமும் முதல் தவணையும்

மைசூரில் துணை மருத்துவப் படிப்புக்கு வரும் மாணவர் முன்னால் ஒரே பட்டம் இரண்டு விலையில் நிற்கிறது. மானசகங்கோத்ரிப் பகுதியில் இருக்கும், 1965-இல் தொடங்கிய அகில இந்திய பேச்சு, செவித்திறன் நிறுவனம் மத்திய சுகாதார அமைச்சகத்தின் நிதியில் நடக்கிறது. ஊர்க்காரர்கள் ‘ஐஷ்’ என்று சுருக்கிச் சொல்லும் அந்த நிறுவனத்தில் கட்டணம் குறைவு. சேர்க்கைக்குப் போட்டி கடுமை. அதே ஊரில் ஜே.எஸ்.எஸ். நிறுவனங்களிலும் பேச்சு, செவித்திறன் பட்டம் உண்டு, பிசியோதெரபியும் உண்டு. அவை தனியார் கட்டணத்தில் நடப்பவை. பேச்சு, செவித்திறன் பட்டம் எங்கே படித்தாலும் பயிற்சிக் காலத்தோடு சேர்த்து நான்கு ஆண்டுதான். முடித்தவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பெறும் பதிவும் ஒன்றேதான். நல்ல கல்லூரியின் பெயர் முதல் வேலை கிடைக்கக் கைகொடுக்கலாம். ஆனால், அதிகக் கட்டணம் கட்டியவர் என்பதற்காக எந்த ஆஸ்பத்திரியும் கூடுதலாக ஒரு ரூபாய் தருவதில்லை.

ஆகவே கடன் வாங்கும் முன் வீட்டில் உட்கார்ந்து போட வேண்டிய கணக்கு, முதல் இரண்டு மூன்று ஆண்டுச் சம்பளத்தை வைத்துப் போடும் கணக்கு. பத்து வருடம் கழித்துச் சொந்தக் கிளினிக் வைத்தவரின் வருமானத்தைக் காட்டிக் கல்லூரிகள் விளம்பரம் செய்யலாம். வங்கியின் தவணையோ படிப்பு முடிந்த மறு ஆண்டே வந்துவிடும்.

ஓர் உதாரணம். ஆண்டுக்கு 1.5 லட்சம் வீதம் நான்கு ஆண்டுக்கு 6 லட்சம் கடன், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். படிக்கும் காலத்திலும் அதன்பின் ஓர் ஆண்டும் தவணை கட்டத் தேவையில்லை. ஆனால் வட்டி நிற்பதில்லை. அந்தக் காலத்துக்குத் தனிவட்டி மட்டும் போட்டாலும், முதல் ஆண்டு வாங்கிய பணத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி, கடைசி ஆண்டுப் பணத்துக்கு இரண்டு ஆண்டு வட்டி என்று சேர்ந்து 2.1 லட்சம் ஆகிவிடும். முதல் தவணை நாளில் கடன் 8.1 லட்சம். பத்து ஆண்டில் அடைப்பதென்றால் மாதம் சுமார் 10,700 ரூபாய். பதினைந்து ஆண்டாக நீட்டினால் தவணை சுமார் 8,700-க்கு இறங்கும். ஆனால் மொத்தமாகக் கட்டுவது 12.8 லட்சத்திலிருந்து 15.7 லட்சத்துக்கு ஏறும். கட்டணம் குறைந்த இடத்தில் சேர்ந்து, 2 லட்சம் மட்டுமே கடன் வாங்கியவருக்கு இதே கணக்கில் பத்து ஆண்டுத் தவணை சுமார் 3,600. கையில் 20,000 வாங்கும் புதிய பட்டதாரி ஒருவருக்கு, 10,700 ரூபாய்த் தவணை சம்பளத்தில் பாதிக்கு மேல்; 3,600 ரூபாய்த் தவணை ஆறில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். அறை வாடகை, சாப்பாடு, ஊருக்குப் போய்வரும் பஸ் கட்டணம் எல்லாம் மிச்சத்தில்தான் நடக்க வேண்டும்.

படிக்கும்போதே வட்டியை மாதாமாதம் கட்டிவர முடிந்த குடும்பம் அதைச் செய்வது நல்லது. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரியும் தகுதிப் பட்டியலில் இருந்தால், தவணை தொடங்கும்வரையான வட்டியை மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம் ஏற்கிறது. படிப்பைப் பாதியில் விட்டவருக்குப் பொதுவாக அது கிடையாது. 7.5 லட்சம்வரை சொத்து ஈடு இல்லாமலே கடன் பெற வழி இருக்கிறது. அதற்குமேல் போகும்போதுதான் பெரும்பாலும் வீட்டுப் பத்திரம் வெளியே வருகிறது. அந்த எல்லையைத் தாண்டும் முன் ஒருமுறை நின்று யோசிப்பது அவசியம். இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: விடுதிக்கும் சேர்க்கை நேரத்துச் செலவுக்கும் அடகு வைக்கும் நகை. வங்கியின் கல்விக்கடன் தாளில் அது தெரியாது. ஆனால் ஆண்டுதோறும் வட்டி கட்டித் திருப்பி வைப்பவள் அம்மா.

வருமானப் பக்கத்தில் எல்லோரும் முதலில் சொல்வது அரசு வேலை. ரயில்வே 2024-இல் வெளியிட்ட துணை மருத்துவப் பணி அறிவிப்பு இதை எடைபோட நல்ல சான்று. பிசியோதெரபிஸ்ட், டயாலிசிஸ் டெக்னீஷியன், செவித்திறன்–பேச்சுச் சிகிச்சையாளர் ஆகியோருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 35,400. எக்ஸ்ரே எடுக்கும் ரேடியோகிராபருக்கு 29,200. கண் பரிசோதகரான ஆப்டோமெட்ரிஸ்டுக்கு 25,500. படியெல்லாம் சேர்ந்தால் மேலே சொன்ன பெரிய தவணையைக்கூடத் தாங்கும் சம்பளம்தான். ஆனால் நாடு முழுவதற்குமான அந்த 1,376 இடங்களில் 713 செவிலியர் கண்காணிப்பாளருக்கு, 246 மருந்தாளுநருக்கு. பிசியோதெரபிஸ்டுக்கு 20, செவித்திறன்–பேச்சுச் சிகிச்சையாளருக்கு 4, ஆப்டோமெட்ரிஸ்டுக்கும் 4. இந்த இடம் கிடைத்தால் நல்லது. இதை நம்பி 6 லட்சம் கடன் வாங்குவது தகாது. தனியார் ஆஸ்பத்திரியின் தொடக்கச் சம்பளமே கணக்குக்கு அடிப்படையாக வேண்டும். அதை அறிய, சேரப்போகும் கல்லூரியில் கடந்த ஆண்டு முடித்த நான்கைந்து பேரிடம் நேரில் கேட்பதைவிட நம்பகமான வழி வேறில்லை.

பேச்சுச் சிகிச்சையில் வருமானத்தைத் தீர்மானிக்கும் இன்னொன்று மொழி. பக்கவாதத்தால் பேச்சிழந்த பெரியவருக்கும் திக்கும் குழந்தைக்கும் சிகிச்சை அவரவர் தாய்மொழியில்தான் நடக்கும். கோவையிலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ மைசூர் வந்து படிப்பவர் கன்னடம் பழகாவிட்டால் பயிற்சிக் காலத்திலேயே சிரமப்படுவார். பழகிவிட்டாலோ, எல்லையின் இரு பக்கத்திலும் அவருக்கு வேலை உண்டு. ரத்தப் பரிசோதனைக் கூடத்திலோ எக்ஸ்ரே அறையிலோ இந்தத் தடையும் குறைவு, இந்த அனுகூலமும் குறைவு.

காலமும் ஒரு செலவுதான். பிசியோதெரபிப் பட்டம் நாலரை ஆண்டாக இருந்துவந்தது. பட்டத்தோடு நிற்காமல் மேற்படிப்பும் வேண்டும் என்பது பேச்சு, செவித்திறன் துறையில் பலருடைய எண்ணம்; எம்.எஸ்சி. இன்னும் இரண்டு ஆண்டு எடுக்கும். முதல் கடன் அடையாமல் இரண்டாவது கடனில் இறங்குவதைவிட, பதிவு பெற்று ஓரிரு ஆண்டு வேலை பார்த்துவிட்டு, அரசு நிறுவன இடத்துக்கு மீண்டும் முயல்வது கடன் சுமை உள்ளவருக்குப் பொருந்தும் வழி.

அங்கீகாரம் பார்க்காமல் போடும் பணம் எல்லாவற்றிலும் மோசமான கடனாகிவிடும். பேச்சு, செவித்திறன் பட்டத்துக்கு இந்திய மறுவாழ்வு மன்றத்தின் அனுமதி வேண்டும். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதன் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் தொழில் செய்ய முடியாது. ஆய்வகம், கதிரியக்கம், பிசியோதெரபி போன்றவற்றுக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டம் தேசிய ஆணையம் ஒன்றை ஏற்படுத்தி, படிப்புக்குக் குறைந்தபட்ச மணிநேரத்தையும் வகுத்திருக்கிறது: துணை மருத்துவப் பணியாளருக்கு 2,000, அதற்கு மேல்நிலையில் உள்ளவருக்கு 3,600. மெயின் ரோட்டு மாடிகளில் பலகை மாட்டி ‘பாராமெடிக்கல்’ சான்றிதழ் தரும் இடங்கள் இந்தக் கணக்குக்குள் வருமா என்பதைப் பணம் கட்டும் முன்பே விசாரித்துவிட வேண்டும். பதிவு கிடைக்காத சான்றிதழுக்கு வாங்கிய கடனையும் வங்கி வட்டியோடு கேட்கும்.