திறக்க மறுத்த படங்கள்

தமிழாசிரியன் ஒருவன் கல்லூரி மலருக்கு எழுதப் புகுந்தால் இலக்கணமோ இலக்கியமோ பற்றித்தான் எழுதுவான் என எதிர்பார்த்த அன்பர்கள் பொறுத்தருள்க. மலர்க் குழுவினர் இம்முறை என்னிடம் ஒப்படைத்த பணி விழா நிழற்படங்களைத் திரட்டித் தருவதாகும். அப்பணியில் யான் கற்றவை பழைய மாணவர் பலருக்கும் பயன்படும் எனக் கருதியே இதனை எழுதத் துணிந்தேன். 1995ஆம் ஆண்டு இடப்பெயர்விலே வீட்டையும் பெட்டகத்தையும் விட்டுச் சென்ற நம்மவர் இழந்த படங்கள் கொஞ்சமல்ல. இன்று எடுப்பனவற்றையேனும் காத்தல் வேண்டும் என்னும் கவலை எமக்கு மிகுதி.

இக்காலக் கமராக்கள் படத்தை இருவகையாகச் சேமிக்கும். ஒன்று ஜேபெக், மற்றையது றோ எனப்படுவது. ஜேபெக் சமைத்த சோறு, றோ அரிசி. சோற்றை உடனே உண்ணலாம். ஆயின் அதனை மீண்டும் அரிசியாக்கல் இயலாது. கமராவினுள்ளே ஒளியை உணரும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறத்தை மாத்திரமே அளக்கும். கொடாக் நிறுவனத்தைச் சார்ந்த பிறைஸ் பேயர் என்பார் பெயரில் 1976ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற முறைப்படி, நான்கு புள்ளிகளுள் இரண்டு பச்சைக்கும், ஒன்று சிவப்புக்கும், ஒன்று நீலத்துக்கும் உரியன. றோக் கோப்பிலே அவ்வளவைகள் சமைக்கப்படாமற் கிடக்கும். விடுபட்ட நிறங்களைக் கணித்து நிரப்பிப் படமாக்குவது மாற்றும் மென்பொருளின் தொழில். ஜேபெக் ஒரு நிறத்துக்கு 256 படிகளே வைத்திருக்க, 14 பிட் றோக் கோப்பு 16,384 படிகள் வைத்திருக்கும். மங்கிய விளக்கொளியிலே எடுத்த பரிசளிப்பு விழாப் படத்தில், இருளில் ஆழ்ந்த முகத்தை மீட்டெடுக்க உதவுவது இவ்வளமே.

இத்தனை வளத்துக்கும் ஒரு விலை உண்டு. ஜேபெக்கை எந்தக் கணினியும் திறக்கும். றோவோ கமராவுக்குக் கமரா வேறுபடும். நிக்கன் கமராவின் கோப்பு என்.ஈ.எவ். எனப்படும். கனன் கமராக்களிற் சீ.ஆர்.2 வழங்கிவர, 2018ஆம் ஆண்டிற் சீ.ஆர்.3 வந்தது. இப்பன்மைக்கு ஒரு பரிகாரமாக அடோபி நிறுவனம் 2004ஆம் ஆண்டில் டி.என்.ஜி. என்னும் பொதுவடிவத்தை வெளியிட்டது. அதற்கு மாற்றித்தரும் மென்பொருளையும் இலவசமாக வழங்கி வருகின்றது.

எமது விழாவை உயர்தர வகுப்பு மாணவர் இருவர் புதிய கமராவாற் படம்பிடித்தனர். றோவாக மாத்திரமே பிடித்தனர். மறுநாட் காலை அவர்களுள் ஒருவன் முகம் வெளிறி வந்து, "சேர், ஒரு படமும் மாறுதில்லை, எல்லாம் போட்டுது" என்றான். அட்டையை அழித்துவிட்டு அவ்வாரம் நடக்கவிருந்த விளையாட்டுப் போட்டிக்கு எடுத்துச் செல்லலாமா என்பது அவனுடைய அடுத்த வினா. அட்டையை வாங்கி என் மேசை இழுப்பறையிற் பூட்டினேன். அன்று செய்த காரியங்களுள் உருப்படியானது அதுவே.

சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையை அச்சேற்றுதற்குப் பழைய ஏடுகளோடு பட்ட பாட்டைத் தமிழ் மாணவர் அறிவர். ஓர் ஏட்டை வாசிக்க இயலவில்லையாயிற் காரணம் இரண்டில் ஒன்றாகும். வாசிப்பவன் அவ்வெழுத்தை அறியான். அன்றேல் ஏட்டைச் செல்லரித்திருக்கும். றோக் கோப்பின் வழுவும் இவ்விரண்டுள் அடங்கும். எதுவென அறிதற்கு வழி எளிது. ஒரு கமராவின் படங்கள் யாவும் மறுக்கப்பட்டால் மென்பொருளையே முதலில் ஐயுறுக. சில மாத்திரம் மறுக்கப்பட்டால் அக்கோப்புகளை ஐயுறுக. நாம் பழைய கமராவின் கோப்பொன்றைக் கொடுத்துப் பார்த்தோம், உடனே மாறியது. ஆகவே கமரா புதிது, மென்பொருள் பழையது. புதிய பதிப்பை நிறுவியதும் படங்கள் வரிசையாக மாறத் தொடங்கின.

எனினும் பதினொரு கோப்புகள் பிடிவாதமாக நின்றன. மாணவர் அவற்றின் அளவை ஒப்பிட்டனர். ஏனையவை ஏறக்குறைய 25 மெகாபைற்று இருக்க, இவற்றுள் ஒன்பது அதிற் பாதியும் இல்லை. கணினிக்குப் பிரதி செய்யும்போது மின்சாரம் தடைப்பட்டதாம்! பூட்டிய அட்டையை எடுத்து, வேறோர் அட்டைவாசிப்பானிலே செருகி மீண்டும் பிரதி செய்ய, ஒன்பதும் முழுமையாக வந்தன.

இவ்விடத்தே வேறு சில சில்லறை இடர்களையும் சொல்லிவிடுகிறேன். அடோபியின் அம்மென்பொருள் கோப்பைக் கேட்பதில்லை, கோப்புறையையே கேட்கும். உள்ளே நுழைந்து தேடுவோருக்கு வெறுமையே தோன்ற, படங்கள் தொலைந்தன எனக் கலங்குவர். மாற்றிய படங்களை எழுதுதற்கு வட்டில் இடமின்மையும், பக்கத்துப் பூட்டு இழுபட்ட அட்டையிலேயே எழுத முயல்தலும் வழுவாக முடியும். கோப்பின் பெயரீற்றை ஜேபெக் என மாற்றினாற் படம் மாறிவிடும் என நம்புவோரும் உளர். பெயரை மாற்றினால் ஆள் மாறுவானோ? அடோபியோடு ஒத்துவராதோர்க்கு டார்க்டேபிள், றோதெரப்பி முதலிய இலவச மென்பொருள்களும் உள. தவறுதலாக அழித்த அட்டையிலும் பெரும்பாலும் பெயர்ப்பட்டியலே நீங்கியிருக்கும். அதன்மேற் புதிதாக ஒன்றும் எழுதாதிருப்பின் போட்டோறெக் போன்ற மென்பொருளால் மீட்டல் கூடும்.

மிஞ்சிய கோப்புகள் இரண்டு. அவற்றின் அளவிற் குறையில்லை. கோப்புறையிற் பார்க்கும்போது படமும் அழகாகவே தெரிந்தது. மாற்றினாலோ மேற்பாதி தெளிவாயும் கீழ்ப்பாதி ஊதாக் கோடுகளாயும் வந்தது. எத்தனை முறை பிரதி செய்தும் அஃதே நிலை. அட்டையிலேயே செல்லரித்த ஏடு இது. அவ்வாறாயிற் கோப்புறையிலே தெரிந்த அழகிய படம் எது? கமரா தன் திரையிற் காட்டுதற்காக றோக் கோப்பினுள்ளே ஒரு சிறிய ஜேபெக்கையும் பொதிந்து வைக்கின்றது. நாம் கண்டது அதனையே. பலர் இதனைக் கண்டு கோப்பு நலமாயிருக்கின்றது என ஏமாறுவர். ஆயினும் உண்மைப் படம் அழிந்தவிடத்து இச்சிறு படமே கைகொடுக்கும். எக்ஸிப்ரூல் என்னும் இலவச மென்பொருள் அதனைப் பிரித்தெடுக்கும்.

அவ்விரண்டில் ஒன்று மண்டபத்தின் வெற்று நாற்காலிகள். மற்றையது, முப்பது ஆண்டு இக்கல்லூரியிற் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசான், தம் பழைய மாணவர் இருவர் கைத்தாங்கலாக மேடையேறும் காட்சி. அன்று அவரை வேறெவரும் படம்பிடித்திலர். விழா முடிந்து இரண்டு மாதத்தில் அவர் அமரரானார். உட்பொதிந்த படம் அகலத்தில் 1,620 புள்ளியும் உயரத்தில் 1,080 புள்ளியும் கொண்டது. ஐந்தரை அங்குல அகலத்துக்கு மேற் பெருப்பித்தால் அச்சிலே தெளிவு குன்றும் என்றார் அச்சகத்தார். ஏனைய படங்கள் முழுப்பக்கம் கொண்டிருக்க, ஆசானின் படம் மட்டும் இம்மலரில் அரைப்பக்கத்துக்கு அமைந்ததன் காரணம் இதுவே.