பழைய ஐபாடைப் புதுப்பிப்பது தகுமா?

2001 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஐபாட், 1.8 அங்குல வன்தட்டில், அதாவது சுழலும் காந்தத் தகட்டில் தரவைப் பதிந்து வைக்கும் நினைவகத்தில், பாடல்களைச் சேமித்தது. ஐபாட் வரிசையின் கிளாசிக் வகை 2014-இலும், எஞ்சியிருந்த ஐபாட் டச் 2022-இலும் நிறுத்தப்பட்டுவிட்டதால், புதுப்பிக்கும் பொறுப்பு இப்போது உரிமையாளரையே சார்ந்துள்ளது.

வன்தட்டுள்ள ஐபாடுகளில் காலப்போக்கில் தளர்பவை பெரும்பாலும் மின்கலமும் வன்தட்டுமே. விரலால் வட்டமாகத் தடவிப் பாடலைத் தேர்ந்தெடுக்க உதவும் சுழல்சக்கரமோ பல ஆண்டுகள் உழைக்கிறது. வன்தட்டை அகற்றி, இணைப்புப் பலகை ஒன்றின் வழியாக நினைவக அட்டையைப் பொருத்தினால், அசையும் உறுப்பு இல்லாமற்போவதால் அதிர்ச்சியைத் தாங்கும் திறன் கூடுகிறது. எடையும் மின்செலவும் குறைகின்றன. ஆனால் 2007-இல் வந்த கிளாசிக்கின் உலோக உறை எளிதில் திறப்பதில்லை. திறக்கும்போது உள்ளிருக்கும் மெல்லிய நாடா வடம் அறுந்துவிடாமல் காக்க வேண்டும். உப்பிய மின்கலத்தைக் குத்தினால் தீப்பற்றவும் கூடும்.

இணையமோ அறிவிப்புகளோ குறுக்கிடாமல் இசையை மட்டுமே தரும் இக்கருவி புதுப்பிக்கும் செலவுக்கு முற்றிலும் தகுதியுடையது. பழைய ஐபாடை வைத்திருப்போர் அதைக் குப்பையில் எறியாமல், தேர்ந்த பழுதுநீக்குநரிடம் முதலில் காட்டுக.