குழிவெழுத்தில் நிறம்: மோட்டார் சைக்கிள் பேட்ஜின் பூர்விகம்

மோட்டார் சைக்கிளின் டேங்க் பேட்ஜிலும் கிளட்ச் கவரிலும் ஹேண்டில்பார் கிளாம்பிலும் நிறுவனத்தின் பெயர் இரண்டு விதமாக அமைகிறது. ஒன்று புடைப்பு: எழுத்து மேலே நிற்கும், சுற்றியுள்ள தளம் தாழ்ந்திருக்கும். மற்றது குழிவு: தளம் மேலே, எழுத்து உள்ளே. இரண்டிலும் நிறம் போய்ச் சேரும் இடம் பள்ளம்தான். ஓட்டுபவரின் முழங்கால், ஷூவின் விளிம்பு, வாரம் ஒருமுறை துடைக்கும் துணி எல்லாம் உராய்வது மேட்டின் மீது. பள்ளத்தில் கிடக்கும் நிறம் அவற்றிலிருந்து தப்பிவிடுகிறது. மேலே பூசிய பெயர் சில ஆண்டுகளில் அழிந்துவிடும் இடத்தில், உள்ளே இறக்கிய பெயர் வண்டியின் ஆயுள் முழுவதும் நிற்கும்.

இந்த வழக்கம் எங்கே தொடங்கியது என்று தேடுவோர் பெரும்பாலும் நிறுவனங்களின் வரலாற்றைப் புரட்டத் தொடங்குவார்கள். ஹார்லி ரசிகர் மில்வாக்கியைச் சொல்வார், டிரையம்ஃப் ரசிகர் கவன்ட்ரியைச் சொல்வார். அந்த வழியில் போனால் விளம்பரக் கதைகள்தான் மிஞ்சும். பள்ளத்துக்குள் இருக்கும் பொருள் எது என்று பார்ப்பதே நம்பகமான வழி. அது பெயின்டா, மெழுகா, கண்ணாடியா என்பதைக் கொண்டே ஒரு பாகத்தின் காலத்தையும் அது வந்த வழியையும் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

இன்றைய வண்டிகளில் இருப்பது பெயின்ட். தொழிற்சாலை சில பாகங்களை நிறம் நிரப்பியே அனுப்புகிறது. குரோம் பூசிய கூடுதல் அலங்காரப் பாகங்கள் பல வெறும் பள்ளத்தோடு வருகின்றன. நிழல் விழும் கோணத்தில் மட்டுமே அவற்றின் எழுத்து தெரியும். அவற்றில் முதலில் சேரும் ‘நிறம்’, குரோம் பாலிஷின் வெள்ளைப் பொடி. அதைப் பார்த்த பிறகுதான் பலருக்கும் கறுப்போ சிவப்போ நிரப்பலாமே என்று தோன்றுகிறது.

முறை எளிது, பொறுமைதான் வேண்டும். பள்ளத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவிப் பொடியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுக்க வேண்டும். குரோம் வழவழப்பானது, பெயின்டுக்குப் பிடிமானம் கிடைக்காது. அதனால் எழுத்தின் அடித்தளத்தை மட்டும் ஊசி முனையால் லேசாகக் கீறிவிடுவது நல்லது. ஓரங்களைத் தொடக்கூடாது. பிறகு எனாமல் பெயின்டில் பல்குச்சியின் நுனியைத் தோய்த்து, ஒரு துளியை எழுத்தின் நடுவில் வைத்தால் அது தானாகவே ஓடி மூலைகளை நிரப்பும். பிரஷ்ஷால் இழுத்தால் இந்தச் சீர்மை வராது. கரை மீறி வழிந்தால் கவலையில்லை. மேற்பரப்பு சற்று இறுகியதும், தட்டையான கட்டையில் துணியை விறைப்பாகச் சுற்றி, டர்பன்டைனில் லேசாக நனைத்து, எழுத்துக் கோட்டுக்குக் குறுக்காக ஒரே இழுப்பில் துடைக்க வேண்டும். துணி தளர்ந்திருந்தால் பள்ளத்துக்குள் இறங்கி நிறத்தையும் அள்ளிக்கொண்டு வந்துவிடும். வேலை கெடுவது பெரும்பாலும் இந்த ஓர் இடத்தில்தான்.

துடைக்கும் திரவத்திலும் கவனம் வேண்டும். காய்ந்த லாக்கரை டர்பன்டைன் ஒன்றும் செய்யாது. லாக்கர் தின்னரோ எனாமலைச் சுருக்கி உரித்துவிடும். குரோம் பூசிய ஏபிஎஸ் பிளாஸ்டிக் பாகமாக இருந்தால் தின்னர் பட்ட இடம் விரிசல் விடும். சிலிண்டர் ஹெட்டை ஒட்டிய எழுத்துக்குச் சூடு தாங்கும் எஞ்சின் பெயின்ட் தேவை. டேங்க் மூடிக்கு அருகில் உள்ள எழுத்துக்கு, சிந்தும் பெட்ரோலைத் தாங்கக்கூடிய, ஹார்ட்னர் கலக்கும் இரு பாகப் பெயின்ட் ஏற்றது. மெழுகுப் பென்சில் வடிவில் விற்கும் லாக்கர் ஸ்டிக்கைத் தேய்த்துத் துடைப்பது இவை எல்லாவற்றையும்விட விரைவான வழி. துப்பாக்கி பழுதுபார்ப்போர் அதை நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள்.

பெயின்ட் இந்தப் பள்ளத்துக்குள் வந்ததற்கு உலோகமே காரணம். 1920களில் குரோம் முலாம் வணிக அளவில் பரவியது. 1929இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஸிங்க் நிறுவனம் ஸமாக் என்ற துத்தநாகக் கலவையை உருவாக்கியது. அழுத்தத்தில் அச்சுக்குள் பாய்ச்சினால் மயிரிழைக் கோடுகூடத் தெளிவாக விழும், விலையும் மலிவு, குரோமும் நன்றாக ஏறும். கார், மோட்டார் சைக்கிள் பேட்ஜ்கள் கூட்டமாக அதற்கு மாறின. 1957இல் வந்த டிரையம்ஃபின் டேங்க் பேட்ஜை ஆங்கிலேயர் ‘மவுத் ஆர்கன்’ என்று கேலியாகவும் செல்லமாகவும் அழைப்பார்கள். அது இந்தத் தலைமுறையைச் சேர்ந்தது. ஆனால் ஸமாக் 390 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே உருகிவிடும். அதற்கு முந்தைய பேட்ஜ்களில் நிறமாக இருந்தது சூளையில் உருக்கிய கண்ணாடி. அந்தக் கண்ணாடி எனாமல் உருகுவதற்கு 750 முதல் 850 டிகிரி வரை வேண்டும். துத்தநாக பேட்ஜை அந்தச் சூளையில் வைத்தால் நிறம் உருகும் முன்பே பேட்ஜ் உருகி ஓடிவிடும். கண்ணாடி போய்ப் பெயின்ட் வந்ததை ரசனை மாற்றமாக எழுதுவோர் உண்டு. உருகுநிலைக் கணக்கைப் பார்த்தால் அந்த விளக்கத்துக்கு அவசியமே இல்லை.

கண்ணாடி எனாமல் பேட்ஜின் வேலைப்பாடு நிதானமாகப் பார்க்கத் தகுந்தது. செம்பு அல்லது 95 விழுக்காடு செம்பும் 5 விழுக்காடு துத்தநாகமும் கொண்ட கலவைத் தகட்டை எஃகு அச்சில் வைத்து அடிப்பார்கள். துத்தநாகம் கூடினால் சூட்டில் ஆவியாகி நிறத்தைக் கெடுக்கும். அதனால் சாதாரணப் பித்தளை உதவாது. அடித்ததும் எழுத்தோ, எழுத்தைச் சுற்றிய தளமோ பள்ளமாகும். பொடித்த கண்ணாடியைத் தண்ணீரில் குழைத்து அந்தப் பள்ளத்தில் அடைத்து, ஈரம் போகக் காயவைத்து, சூளையில் சில நிமிடம் வைத்தால் அது உருகிப் பிடித்துக்கொள்ளும். உருகும்போது மட்டம் இறங்கும். மறுபடி நிரப்பிச் சுட வேண்டும். கடைசியில் சாணைக்கல்லால் உலோகமும் கண்ணாடியும் ஒரே மட்டமாகும்வரை தேய்ப்பார்கள். நீலத்துக்குக் கோபால்ட், பச்சைக்குச் செம்பு, வெள்ளைக்கு வெள்ளீயம் என்று நிறங்கள் உலோக ஆக்சைடுகளிலிருந்து வருகின்றன. வெயிலில் வெளுக்காது, பெட்ரோலில் கரையாது. தட்டினால் உடையும், அவ்வளவுதான்.

இந்தத் தொழிலின் மையங்களில் ஒன்று இங்கிலாந்தின் பர்மிங்காம். அதன் நகைத்தொழில் பகுதியில் அச்சு வெட்டுவோரும் எனாமல் சுடுவோரும் அடுத்தடுத்த தெருக்களில் இருந்தார்கள். பிஎஸ்ஏ அதே நகரத்து நிறுவனம். ராயல் என்ஃபீல்டு 1901இல் தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்த ரெடிட்ச், ஊசித் தொழிலுக்குப் பேர்போன பக்கத்து ஊர். ஆனாலும் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தொடக்ககால மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றின் டேங்கில் உலோக பேட்ஜே இல்லை. தங்க நிற டிரான்ஸ்ஃபரை ஒட்டி அதன்மேல் வார்னிஷ் பூசுவார்கள், அல்லது கையால் எழுதுவார்கள். உலோக பேட்ஜ் மோட்டார் சைக்கிளுக்கு வந்தது சைக்கிளிலிருந்து. பிஎஸ்ஏ, டிரையம்ஃப், ராயல் என்ஃபீல்டு மூன்றும் மோட்டார் வைப்பதற்கு முன்பே சைக்கிள் செய்தவை. ஹேண்டில்பாருக்குக் கீழே, சட்டத்தின் தலைக்குழாயில் பதித்த சிறிய பித்தளைத் தகடு அந்தச் சைக்கிள்களின் அடையாளம். டேங்க் பேட்ஜின் நேரடி மூதாதை அதுதான் என்பது இக்கட்டுரையாளரின் முடிவு.

பர்மிங்காமுக்கு முன்னால் போனால் பிரான்சின் லிமோஷ் நகரம் வரும். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் அங்கே செம்புத் தகட்டை உளியால் குடைந்து, குழியில் எனாமல் நிரப்பி, தேவாலயப் பேழைகளும் நூலட்டைகளும் செய்து ஐரோப்பா முழுவதும் அனுப்பினார்கள். அச்சுக்குப் பதில் உளி என்பதைத் தவிர முறையில் வேறுபாடு இல்லை.

அதற்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பொருள் இந்தத் தேடலில் முக்கியமானது. 2003இல் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் இலாம் என்ற ஊர்ப்பகுதியில், கையில் அடங்கும் அளவுள்ள வெண்கலக் கிண்ணம் ஒன்று கிடைத்தது. காலம் கி.பி. 2ஆம் நூற்றாண்டு. அதன் வாய்விளிம்புக்குக் கீழே, ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரின் மேற்குக் கோட்டைகள் நான்கின் பெயர்கள் வரிசையாகச் சுற்றி ஓடுகின்றன. எழுத்துகள் உலோகத்தில் குழிவாக வெட்டப்பட்டு, உள்ளே வண்ண எனாமல் நிரப்பப்பட்டிருக்கின்றன. ஊர்ப்பெயரை எடுத்துவிட்டு நிறுவனப் பெயரைப் போட்டால், செய்முறை அப்படியே 1920களின் பேட்ஜ்.

அது கிண்ணம், வண்டியின் பாகம் அல்ல என்று ஆட்சேபிக்கலாம். அதற்கும் சான்று இருக்கிறது. இங்கிலாந்தின் சாமர்செட்டில் போல்டன் குன்றுகளில் 1803இல் ஒரு புதையல் கிடைத்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த குதிரைக் கடிவாளங்களும் தேரின் கடிவாள வார் நுழையும் வளையங்களும் அதில் அடக்கம். வெண்கலத்தைக் குழித்துச் சிவப்புக் கண்ணாடி நிரப்பிய வேலைப்பாடு அவற்றில் உண்டு. 3ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய ஃபிலோஸ்ட்ராடஸ், வேட்டைக்காரர்களின் ஓவியம் ஒன்றை விவரிக்கும்போது அவர்களுடைய குதிரை அணிகலன்களைக் குறிப்பிடுகிறார். பெருங்கடலோரம் வாழும் அயல்மக்கள் காய்ச்சிய வெண்கலத்தின்மேல் நிறங்களை ஊற்றுகிறார்கள் என்றும், அவை கல்லாக இறுகி ஒட்டிக்கொள்கின்றன என்றும் அதில் சொல்கிறார். மேற்கு ஐரோப்பிய எனாமலைப் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றாக அறிஞர்கள் காட்டுவது இந்தக் குறிப்பைத்தான். அது பேசுவதும் சவாரிக்கான உலோக அணிகலனைப் பற்றியே. போல்டன் கைவினைஞருக்கும் பர்மிங்காம் பட்டறைக்கும் இடையே அறுபடாத குரு சீடப் பரம்பரை இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் ஏறிச் செல்லும் ஊர்தியின் உலோகப் பாகத்தைக் குழித்து நிறம் நிரப்பும் வழக்கம் இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது என்பதில் ஐயமில்லை.

சூளையே இல்லாமல் நிரப்பும் முறைகள் தனிக்கிளை. இன்றைய பெயின்ட் வேலை செய்முறையில் இந்தக் கிளைக்குத்தான் நெருக்கம். கல்லில் வெட்டிய எழுத்தில் சிவப்பு இட்டால் அது தெளிவாகத் தெரியும் என்று ரோமானிய அறிஞர் பிளினி தம் இயற்கை வரலாற்று நூலின் 33ஆம் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அவர் சொல்லும் சிவப்பு, பாதரசத் தாதுவான சாதிலிங்கம். (இன்று ரோமில் காணும் சிவந்த கல்வெட்டுகளில் பல, பிற்காலத்தார் மறுபடி பூசியவை.) இங்கிலாந்தின் நெடுங்கடிகாரங்களில் பித்தளை முகப்பில் எண்களைச் செதுக்கி, அரக்கு கலந்த கறுப்பு மெழுகை உருக்கி நிரப்பித் தேய்ப்பார்கள். வக்கீல், டாக்டர் வீட்டு வாசல்களின் பித்தளைப் பெயர்ப்பலகையும் அதே வகை. வேலைக்காரர் நாள்தோறும் பாலிஷ் போட்டுத் தேய்த்து மெழுகை வெளியேற்றிய பலகைகளை இன்றும் காணலாம்.

இக்கிளையில் தமிழருக்கு மிகப் பழகிய ஒன்றும் இருக்கிறது. எழுத்தாணியால் பனையோலையில் கீறும் எழுத்துக்கு நிறம் கிடையாது. கோவை இலைச் சாறு, ஊமத்தை இலைச் சாறு, மாவிலைக் கரி ஆகியவற்றை ஓலை முழுவதும் தடவித் துடைத்தால், மேற்பரப்பு சுத்தமாகி, கீறலுக்குள் மட்டும் கறுப்பு தங்கும். மையாடல் என்று இதைச் சொல்வார்கள். பெயின்டைப் பூசி, கட்டையில் சுற்றிய துணியால் துடைக்கும் வேலையும் இதுவே. ஒன்றைப் பார்த்து மற்றொன்று வந்தது என்று இதற்குப் பொருளில்லை. பள்ளமும் துணியும் இருக்கும் இடமெல்லாம் இது தனித்தனியே தோன்றக்கூடியது.

துப்பாக்கித் தொழிலையும் விட்டுவிட முடியாது. பிஎஸ்ஏ 1861இல் துப்பாக்கி செய்யவே தொடங்கிய நிறுவனம். அதன் சின்னத்தில் சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகள். ராயல் என்ஃபீல்டின் சின்னம் பீரங்கி. துப்பாக்கியின் பாதுகாப்புத் தாழில் வெட்டிய எழுத்தில் தங்கமோ வெள்ளைப் பெயின்டோ நிரப்பப்படுவது அழகுக்காக அல்ல. மங்கிய வெளிச்சத்தில் தாழ் எந்த நிலையில் இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். வெர்னியர் காலிப்பரின் கறுப்புக் கோடுகளும் இந்தக் காரணத்துக்காகவே நிரப்பப்பட்டவை.

1955இல் என்ஃபீல்டு இந்தியா சென்னையில் தொடங்கி, திருவொற்றியூர் ஆலையில் புல்லட் உருவானதால் இந்தப் பேட்ஜ் மரபின் ஒரு பகுதி தமிழ்நாட்டுக்கும் வந்தது. இங்கே பழைய வண்டியைப் புதுப்பிப்போர் பலர், பேட்ஜைக் கழற்றியதும் பெயின்ட் ரிமூவரில் ஊறப்போடுகிறார்கள். அதற்கு முன் இரண்டு சோதனைகள் போதும். பின்பக்கத்தை லேசாகச் சுரண்டினால் செம்பு நிறம் தெரிகிறதா, சாம்பல் நிறம் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு நிறத்தின் ஓரத்தில் குண்டூசியை அழுத்துங்கள். பெயின்ட் குழியும்; கண்ணாடி குழியாது. செம்பும் கண்ணாடியும் என்று தெரிந்தால், ஓரம் சற்று உடைந்திருந்தாலும் அதைச் சுரண்டிப் பெயின்ட் நிரப்பாதீர்கள். சோப்புத் தண்ணீரில் கழுவித் திரும்ப மாட்டுங்கள்.