குளியலறைக் காற்று எங்கே போகிறது?

டொராண்டோ



மைசூரு குவெம்புநகரில் கட்டி முடித்த புது வீட்டை அக்கா காணொளி அழைப்பில் சுற்றிக் காட்டினாள். மாடிக் குளியலறையின் ஃபால்ஸ் சீலிங்கில் அழகாக ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் பதித்திருந்தார்கள். "அதோட குழாய் எங்கேக்கா போய் முடியுது?" என்று கேட்டேன். மேஸ்திரியை விசாரித்துச் சொன்னாள்: குழாயே கிடையாதாம். குளியல் ஆவி முழுதும் சீலிங்குக்கு மேலே உள்ள இடுக்கில் போய் அடைகிறது.

நான் இருக்கும் ஊரில் இந்தத் தவற்றைக் குளிர்காலம் உடனே காட்டிக் கொடுத்துவிடும். குழாயை வெளியே கொண்டுபோகாமல் கூரையடிப் பரணில் விட்டால், ஆவி பலகைகளில் உறைபனியாகப் படியும். வெயில் வந்ததும் உருகி, படுக்கையறை விட்டத்தில் கறையாக இறங்கும். மைசூருவில் உறைபனி கிடையாது. ஆனால் ஜூனில் மழை பிடித்துவிட்டால் மாதக்கணக்கில் ஈரம் காயாது. ஜிப்சம் பலகை அதை உறிஞ்சி ஊறும், கம்பிச் சட்டம் துருவேறும், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பூஞ்சை பிடிக்கும். ஆஸ்துமாக்காரர்கள் இருக்கும் வீட்டில் இதைச் சின்ன விஷயம் என்று விட முடியாது.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது, இது மைசூருவில் நடப்பதுதான். 1898இல் பிளேக் நுழைந்து சூறையாடிய நகரம் அது. நெருக்கமும் காற்றோட்டமின்மையும் ஆளைக் கொல்லும் என்று அன்றே உணர்ந்து, 1903இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை வாரியம் அமைத்தார்கள். அகலத் தெருக்களோடு புதுப் பேட்டைகள் எழுந்தன. பழைய வீடுகளின் பச்சலு மனை என்ற குளியலறையில், ஹண்டே என்ற வெந்நீர் அண்டாவின் அடுப்பு விறகில் எரியும். புகையெல்லாம் மங்களூர் ஓட்டின் இடுக்குகளில் தானே வெளியேறிவிடும். இப்போது ஓட்டின் இடத்தில் கான்கிரீட், ஹண்டேயின் இடத்தில் காஸ் கீசர். குளிர் என்று ஜன்னலையும் சாத்திவிடுகிறோம்.

அதன் விலை பெரிது. 2025 அக்டோபரில் மைசூரு மாவட்டம் பிரியாபட்டணாவில், காஸ் கீசர் இருந்த குளியலறையில் இளம் சகோதரிகள் இருவர் இறந்துபோனார்கள். மூடிய அறையில் ஆக்சிஜன் குறையக் குறைய, சுடர் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடைக் கக்கும். கசியும் சமையல் காஸுக்காவது நாற்றம் சேர்த்திருக்கிறார்கள். இதற்கு நாற்றமும் இல்லை, நிறமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுகப் பற்றிக்கொள்ளும்.

'எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே' என்று நம்பி இருந்துவிடாதீர்கள். உள்ளே காற்று வர வழியில்லாத அறையில் ஃபேன் இழுத்தால், கீசரின் புகைக்குழாயில் மேலேறும் புகையே திரும்பி உள்ளே இறங்கலாம்.

இங்கே ஒன்டாரியோவின் உட்ஸ்டாக் ஊரில் 2008 டிசம்பரில் ஹாக்கின்ஸ் குடும்பத்தினர் நால்வரும் ஒரே வீட்டில் இறந்தார்கள். காஸ் கணப்பின் புகைப்போக்கி அடைத்திருந்தது, அவ்வளவுதான் காரணம். அந்தக் குடும்பத் தாயின் உறவினர் ஜான் கிக்னாக் விடாமல் போராடி, வீடுகளில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கும் சட்டத்தை 2013இல் கொண்டுவரச் செய்தார். நம் ஊரிலும் அப்படி ஒரு சட்டம் வேண்டும்.

அக்கா வீட்டில் சீலிங்கைப் பிரித்து, நான்கு அங்குலக் குழாயை வெளிச்சுவர் வரை, மழைநீர் உள்ளே வராதபடி வெளிப்பக்கம் சற்றே சரித்துப் போடச் சொல்லியிருக்கிறேன். குழாயின் வாயில் மூடித் திறக்கும் தகடு, கதவின் அடியில் விரற்கடை இடைவெளி.

நீங்களும் இன்று ஃபேனைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வெளியே போய்ப் பாருங்கள், காற்று வெளிச்சுவரில் வருகிறதா என்று. காஸ் கீசர் குளியலறைக்குள் இருந்தால், அதை வெளியே மாற்றும்வரை அந்த வெந்நீரில் யாரையும் குளிக்க விடாதீர்கள்.